சொகுசு செடானுக்குப் புது டயர்: பெங்களூருச் சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஹலசூருவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் போய்வரும் என் காரில், வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. சர்வீஸ் சென்டர் ஒன்றில் பின்சக்கர பேரிங்குகள் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாற்றினேன். பணம் போயிற்றே தவிர முனகல் போகவில்லை. பிறகு ஜே.சி. ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் ஆம்பூர்க்காரர் ஒருவரிடம் காரைக் காட்டினேன். அவர் காரை லிஃப்டில் ஏற்றி, பின்டயரின் உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னுமாக ஒரு முறை தடவிவிட்டு, "சார், நீங்களும் கையை வெச்சுப் பாருங்க" என்றார். ஒரு திசையில் வழவழப்பாக இருந்த ரப்பர், எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போல உள்ளங்கையில் உரசியது. முனகியது பேரிங் அல்ல, டயர்தான்.

அன்று தொடங்கி, எனக்கும் நண்பர்களுக்குமாக ஏழெட்டு செடான்களுக்கு டயர் வாங்கியதில் புரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சாலையின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது சஸ்பென்ஷன் அல்ல, டயருக்குள் இருக்கும் காற்று. அதுதான் காரின் முதல் ஸ்பிரிங். சொகுசுக்காகவே வாங்கிய காருக்கு டயர் தேடும்போது, கடைக்காரர் முதலில் பேசும் பிராண்டைவிட, அந்தக் காற்று நிற்பதற்கு எவ்வளவு உயரமும் எவ்வளவு நெகிழ்வும் கிடைக்கின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

முதல் படி: பழைய டயரைப் படியுங்கள்

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டங்கள், தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டது என்று பொருள். காருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லையும் அதுதான். ஆனால் பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் கொட்டும் மழையில், அந்த எல்லை வரை காத்திருப்பது அறிவுடைமையாகாது. புது டயரில் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும் ஆழம் 3 மி.மீ.க்குக் குறைந்துவிட்டால், தேங்கிய நீரை வெளியே தள்ளும் திறன் வெகுவாகக் குறைந்து, வேகத்தில் டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். நான் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுகிறேன்.

சொகுசு கார்களுக்கு வயதும் ஒரு சிக்கல்தான். வாரத்தில் ஐந்து நாள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிற்கும் காரில், பட்டன் புதிதாகவே தெரிந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், ஒரு நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்பதும், எந்த நிலையிலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதும் டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் வெயிலுக்கு ஆறு ஆண்டு போதும் என்பது என் கருத்து. சைடுவாலில் எங்காவது புடைப்பு தெரிந்தால் கணக்கே வேண்டாம், அந்த டயரை அன்றே கழற்றிவிட வேண்டும். குழியில் இடித்தபோது உள்ளே நூலிழை அறுந்து, வெளி ரப்பர் மட்டுமே காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

இரைச்சல் டயரிலிருந்து வருகிறதா, பேரிங்கிலிருந்து வருகிறதா என்பதைப் பிரித்தறியாமல் பணத்தைச் செலவிடாதீர்கள். டயரின் ஒலி சாலைப் பரப்புக்கேற்ப மாறும். வெள்ளைக் கான்கிரீட் போட்ட சாலையில் அலறுவது, ஓசூர் சாலை மேம்பாலத்தின் வழவழப்பான தாரில் அடங்கும். பேரிங்கின் ஒலி பரப்பைப் பொருட்படுத்தாது; நீண்ட வளைவில் ஒரு பக்கம் பாரம் ஏறும்போது கூடும் அல்லது குறையும். முன்பின் டயர்கள் ஒரே அளவாக இருந்தால் அவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். இரைச்சலும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி டயர்தான். பெரிய செடான்கள் பலவற்றில் பின்சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பில்தான் தொடங்கும். இந்தத் தேய்மானத்துக்குக் காரணமான அலைன்மென்ட் கோளாற்றை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தில் உள்ள பிழையை, சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த டயரைப் போட்டாலும், பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் அதே முனகல் திரும்பி வரும்.

இரண்டாம் படி: காருக்கு எழுதப்பட்டதைக் கண்டுபிடியுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டி இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். காரில் இப்போது மாட்டியிருக்கும் டயரை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்; முந்தைய உரிமையாளர் எதையாவது மாற்றியிருக்கலாம்.

எடுத்துக்காட்டாக 225/55 ஆர்17 97டபிள்யூ என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 225 மி.மீ., சைடுவாலின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 17 அங்குலம். 97 என்பது பாரக் குறியீடு: ஒரு டயர் 730 கிலோ தாங்கும். டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்துக்கான குறியீடு. வி என்றால் 240, எச் என்றால் 210. பாரக் குறியீட்டில் ஒரு படிகூடக் கீழே இறங்கக்கூடாது. ஐந்து பேரும் பெட்டிகளுமாகச் சேலத்துக்கோ கும்பகோணத்துக்கோ போகும் நாளில்தான் அந்த எண்ணின் அருமை தெரியும். வேகக் குறியீட்டைப் பொறுத்தவரை, கார்களுக்கு 100 கிலோமீட்டர் வரம்புள்ள மைசூரு நெடுஞ்சாலையில் 270 எதற்கு என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே, வேகக் குறியீடு உயர உயர டயரின் கட்டமைப்பும் பெரும்பாலும் இறுக்கமாகிறது. ஆயினும் காரின் கையேட்டில் வி குறியீடும் அனுமதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இறங்குங்கள், இல்லையென்றால் விபத்துக் காலத்தில் இன்சூரன்ஸ்காரருடன் வாதாட நேரலாம்.

எக்ஸ்எல் என்ற எழுத்துகளையும் கவனியுங்கள். அதிக அழுத்தத்தில் அதிகப் பாரம் தாங்குவதற்காக உறுதியாக்கப்பட்ட டயர் அது. கார் தயாரிப்பாளர் எக்ஸ்எல் கேட்டிருந்தால் அதையே போட வேண்டும். கேட்காத காருக்கு, "இது ஸ்ட்ராங்கா இருக்கும் சார்" என்ற சொல்லை நம்பி எக்ஸ்எல் போட்டால், ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த ஸ்ட்ராங்கை முதுகெலும்பு உணரும். நான் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் படி: ரிம் அளவைத் தீர்மானியுங்கள்

சொகுசைத் தேடுபவர் மிக நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரே மாதிரி காரே வெவ்வேறு விலைத் தரங்களில் 17, 18, 19 அங்குல ரிம்களுடன் விற்கப்படுவதுண்டு. 225/55 ஆர்17, 245/45 ஆர்18, 245/40 ஆர்19 ஆகிய மூன்றின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 678, 679 மி.மீ.தான். ஆனால் சைடுவாலின் உயரம் முதலாவதில் 124 மி.மீ., இரண்டாவதில் 110, மூன்றாவதில் 98. ரிம் இரண்டு அங்குலம் வளர்வதற்குள், குழியின் விளிம்புக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் மெத்தையில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. ஷோரூமில் 19 அங்குலம் அழகுதான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், எது குழி எது வெறும் ஈரம் என்று தெரியாத வெளிவட்டச் சாலையில் அந்த அழகுக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே உங்கள் காரில் 19 அங்குலம் இருந்து, அதே மாதிரியின் விலை குறைந்த வகைக்கு நிறுவனமே 17 அல்லது 18 அங்குலத்தை அங்கீகரித்திருந்தால், புது டயரோடு சிறிய ரிம்முக்கு இறங்குவதுதான் செலவுக்குச் செலவு அதிகப் பலன் தரும் மாற்றம் என்பேன். பெரிய எஞ்சின் உள்ள காரில், பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் பெரிதாக இருந்து சிறிய ரிம்மில் உரசக்கூடும். ஒரு ரிம்மை மாட்டி, கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே நான்கையும் வாங்குங்கள்.

ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் ஒரு படி கனமாக்குவது இன்னொரு வழி. 225/55 ஆர்17க்குப் பதில் 235/55 ஆர்17 போட்டால் விட்டம் 690 மி.மீ. ஆகும், வேறுபாடு 1.6 விழுக்காடு மட்டுமே, அதற்கேற்ப ஸ்பீடோமீட்டர் சற்றுக் குறைத்துக் காட்டும். 225/60 ஆர்17 போட்டால் வேறுபாடு 3 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், கார் வழுக்காமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு எல்லாம் சக்கரச் சுழற்சியைக் கணக்கிட்டே இயங்குவதால் அங்கே போக வேண்டாம். எந்த மாற்றமானாலும் முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ரன்ஃபிளாட் வேண்டுமா?

ஜெர்மன் செடான்கள் பலவும் ரன்ஃபிளாட் டயருடன் வருகின்றன. காற்று முழுதும் இறங்கினாலும், தடித்த சைடுவாலின் பலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவு ஓட்டிச் செல்லலாம். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு வெவ்வேறு குறி இடுகிறது: பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷலினில் இசட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர். அந்தத் தடித்த சைடுவால்தான் சிறு பள்ளங்களில் கார் "தடக் தடக்" என்று அடிப்பதற்கும் காரணம்.

சாதாரண டயருக்கு மாறினால் காரின் குணமே மென்மையாகும். ஆனால் ஸ்டெப்னி வைக்கவே இடமில்லாத கார் என்றால், கிருஷ்ணகிரியைத் தாண்டி இரவு பதினோரு மணிக்குப் பஞ்சரானால் என்ன செய்வீர்கள் என்பதற்கு இன்றே விடை வேண்டும். டிக்கியில் மெல்லிய ஸ்டெப்னி ஒன்றை வாங்கிக் கட்டிவைப்பதா, சிறிய கம்ப்ரசரும் பஞ்சர் கிட்டும் போதுமா என்பது உங்கள் பயணத்தைப் பொறுத்தது. நகரத்துக்குள்ளேயே ஓடும் காருக்குக் கிட் போதும். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு ஸ்டெப்னி இல்லாமல் இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிட்டில் உள்ள திரவம் ஆணி ஓட்டையை அடைக்குமே தவிர, கிழிந்த சைடுவாலை ஒன்றும் செய்யாது. முன்னால் இரண்டு சாதாரணம், பின்னால் இரண்டு ரன்ஃபிளாட் என்று கலப்பது மட்டும் கூடவே கூடாது.

ஐந்தாம் படி: டயரின் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே பிராண்டுக்குள்ளேயே வேகத்துக்கான குடும்பமும் சொகுசுக்கான குடும்பமும் தனித்தனியாக இருப்பதால், பிராண்டின் பெயரை மட்டும் சொல்லி வாங்கக்கூடாது. மிஷலினில் பைலட் ஸ்போர்ட் வளைவுகளில் பிடித்து ஓட்டுபவர்களுக்கானது. பிரைமசி அமைதியை விரும்புபவர்களுக்கானது. பிரிட்ஜ்ஸ்டோனின் டுரான்சா, யோகோஹாமாவின் அட்வான் டிபி ஆகியனவும் இந்த அமைதிக் கட்சியைச் சேர்ந்தவை. 1946இல் சென்னையில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப்கூட, இப்போது பெர்ஃபின்சா என்ற பெயரில் சொகுசு கார்களுக்கென்று தனி வரிசை வைத்திருக்கிறது. உங்கள் அளவில் இவற்றுள் எது கிடைக்கிறது என்பதே பாதித் தேர்வை முடித்துவிடும்.

சைடுவாலில் பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ என்ற குறிகள் இருந்தால், அந்தந்தக் கார் நிறுவனம் கேட்டுக்கொண்டபடி மெருகேற்றிய டயர் என்று பொருள். கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டால், அளவும் பாரமும் வேகமும் பொருந்தும் குறியில்லாத டயரைத் தயங்காமல் போடலாம். உட்புறம் ஸ்பாஞ்சு ஒட்டிய டயர்களும் உண்டு. டயருக்குள் இருக்கும் காற்றே அதிர்ந்து எழுப்பும் 'ம்ம்ம்' என்ற ஒலியை அந்த ஸ்பாஞ்சு விழுங்கிவிடும். ஆனால் பஞ்சரானால் உள்ளிருந்து ஒட்டுப் போடுவதற்கு ஸ்பாஞ்சை வெட்டி எடுக்க வேண்டும், தெருமுனைப் பஞ்சர் கடையில் அதற்குப் பொறுமை இருக்காது. டயரின் தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் என்ற எண்ணை வைத்து ஆயுளைக் கணிக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அந்த எண்ணை நிறுவனங்கள் தாமே சோதித்து இட்டுக்கொள்வதால், ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட உதவுமே தவிர, நிறுவனம் விட்டு நிறுவனம் ஒப்பிட உதவாது.

நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. இரண்டுதான் முடியும் என்றால் புதியவை பின்னால்தான் போக வேண்டும், கார் முன்சக்கர இழுவையாக இருந்தாலும் சரி. ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நான்கு சக்கர இழுவை உள்ள காரில் டயர்களுக்கிடையே ஆழ வேறுபாடு கூடினால், முன்பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி தேயும் என்பதால், அங்கே இரண்டு என்ற பேச்சே வேண்டாம்.

ஆறாம் படி: வாங்குதல்

2020 ஜூனில் புதிய டயர்களின் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது முதல், அபூர்வமான அளவுகள் கேட்டவுடன் கிடைப்பதில்லை. கடைசி நேரத்தில் போய் நின்றால், கிடங்கில் கிடந்த பழைய டயரைத் தலையில் கட்டிவிடுவார்கள். பட்டன் 4 மி.மீ.க்கு வரும்போதே மூன்று கடைகளில் விசாரித்து வையுங்கள், ஜே.சி. ரோட்டையும் மைசூர் ரோட்டையும் ஒரு சனிக்கிழமை காலையில் சுற்றிவிடலாம். விலை கேட்கும்போதே, எந்த வாரம் எந்த ஆண்டு என்று நான்கு டயர்களின் தேதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆறேழு மாதத்துக்குள் செய்யப்பட்டதாக இருந்தால் நல்லது. நிழலில் முறையாக அடுக்கிவைத்த டயர் ஓராண்டு பழையதாக இருந்தாலும் குறையில்லை. அதற்கு மேல் போனால் விலையைக் குறைக்கச் சொல்வதைவிட, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் உத்தரவாதமும் இல்லாமல் போகும். ஒவ்வொரு டயரின் வரிசை எண்ணும் பில்லில் ஏற வேண்டும்.

ஏழாம் படி: மாட்டும் நாள்

டயர் மாட்டும்போது காபி குடிக்கப் போகாதீர்கள். முதல் டயரைக் கழற்றும்போது, இயந்திரத்தின் அழுத்தும் தகடு வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் வைக்கப்படுகிறதா என்று பாருங்கள். வால்வின் அருகே வைத்தால் உள்ளே இருக்கும் காற்றழுத்த சென்சார் நொறுங்கிவிடும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது அந்த டயரின் மிக இலேசான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்ஸிங்குக்குக் குறைந்த ஈயமே தேவைப்படும். விளிம்பில் சோப்புக் கரைசல் தடவி, காற்று ஏற்ற ஏற்ற, இரண்டு பக்கமும் 'டப், டப்' என்று ரிம்மில் போய் அமரும் ஒலி கேட்கும். இரண்டாவது 'டப்' கேட்காமல் அடுத்த டயருக்குப் போக விடாதீர்கள். உட்புறம் வெளிப்புறம் என்று குறியிட்ட டயரில் 'அவுட்சைடு' என்ற சொல் நான்கு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். ரப்பர் வால்வுகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சில நூறு ரூபாய்தான்.

போல்ட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுதிவரை முடுக்குவது நம் கடைகளில் பழகிப்போன வழக்கம். தொடக்கத்துக்கு அது பயன்படலாம். கடைசி இறுக்கம், அளவு பார்த்து முடுக்கும் டார்க் ரெஞ்சால், கையேட்டில் சொன்ன அளவுக்கு, எதிரெதிர் வரிசையில் நடக்க வேண்டும். பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட். முன்சக்கரங்களை மட்டும் பார்த்துவிட்டு, இயந்திரத்தின் திரையில் பச்சைக் கோடு வந்துவிட்டது என்பார்கள். பின்சக்கரக் கோணங்களும் உள்ள அச்சுத்தாளை, மாற்றத்துக்கு முன்னும் பின்னுமாகக் கேட்டு வாங்குங்கள். என் முனகல் கதை தொடங்கியதே பின்சக்கரக் கோணத்தில்தான்.

எட்டாம் படி: முதல் வாரமும் காற்றும்

புது டயரின் மேற்பரப்பில், அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தடவிய பூச்சின் மிச்சம் இருக்கும். முதல் 300 கிலோமீட்டர் வரை, மழையில் குறிப்பாக, திடீர் பிரேக்கும் வேகமான திருப்பமும் வேண்டாம். ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, காரின் திரையில் காற்றழுத்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவையுங்கள்.

காற்றை, கார் இரவு முழுதும் நின்ற பிறகு காலையில்தான் அளக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் கேட்காமலே 35, 36 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்று ஏற்றிவிடுவார்கள். ஒட்டியில் இரண்டு பேருக்கு 32 என்று இருந்தால், அந்த மூன்று நான்கு பிஎஸ்ஐயே நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய மென்மையைத் தின்றுவிடும். நைட்ரஜனுக்குத் தனிக் கட்டணம் தேவையா என்றால், சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது.

சென்னைக்கு அடிக்கடி போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. இங்கே 33 காட்டும் டயர், அதே வெப்பநிலையில் சென்னையில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். ஆனால் வெப்பநிலை ஐந்தரை டிகிரி கூடினால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ ஏறும். எனவே மே மாதத்தில் போனால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், டிசம்பரில் போனால் குறைவு தெரியும். அங்கே இரண்டு நாளுக்கு மேல் தங்குவதானால் மறுநாள் காலையில் அளந்து ஏற்றிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த மறுநாள் காலையில், ஏற்றியதை மறக்காமல் இறக்கிவிடுங்கள்.